எப்போதிருந்து இப்படி? – மறதி நோய் உள்ள பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு



நம் டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் குழுப் பெண்களுக்கு வேலை என்றால் முன்பெல்லாம் களையெடுப்பு, பருத்தி எடுப்பு, மாடு வளர்ப்பு, சின்னதாக ஒரு பெட்டிக்கடை என்றுதான் இருந்தது. இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. திருமங்கலத்திலும் மதுரையிலும் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. அவர்களைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் கேட்கிறார்கள். நம் உறுப்பினர்கள் சிலர் காலையில் பஸ் ஏறிப் போய் இரவு திரும்புகிறார்கள். சிலர் மாதக்கணக்கில் அங்கேயே தங்குகிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் உதவியாளராக இருப்பவர்களும் உண்டு. சம்பளம் வாங்காமல் சொந்த வீட்டில் மாமியாரையோ அப்பத்தாவையோ பார்த்துக்கொள்பவர்களைக் கணக்கெடுத்தால் இன்னும் அதிகம்.

குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது. "சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகலை, சோறே போடலைன்னு சொல்லுது." "ராத்திரியெல்லாம் தூங்க விடமாட்டேங்குது." "பெத்த மகனைப் பார்த்து நீ யாருன்னு கேட்குது." "நான் நகையை எடுத்துட்டேன்னு சொல்லுது, எனக்கு அழுகையா வருது."

இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பல விஷயங்கள் சொல்லப் போகிறோம். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றே ஒன்று. பெரியவர்களுக்கு வரும் புத்தித் தடுமாற்றத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெள்ள வருவது. இன்னொன்று, ஒரு நாளில், சில மணி நேரத்தில் திடீரென்று வருவது. முதலாவதுக்கு நம் பொறுமை வேண்டும். இரண்டாவதுக்கு அன்றைக்கே டாக்டர் வேண்டும். இந்த வித்தியாசத்தை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் டாக்டர் அல்ல, கூடவே இருக்கும் நீங்கள்தான்.

வயசானால் எல்லாருக்கும் இப்படித்தானா?

இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது, பெயர் சட்டென்று வராமல் பிறகு வருவது – இதெல்லாம் வயதாகும்போது சகஜம். மறதி நோய் அப்படி இல்லை. சாவி எதற்கு என்பதே மறந்துபோகும். நாற்பது வருடம் வைத்த குழம்பை வைக்கத் தெரியாமல் அடுப்பு முன்னால் நிற்பார்கள். பழகிய தெருவில் வழி தெரியாது. கணக்கு வழக்கு தடுமாறும். கோபம், சந்தேகம், பயம் அதிகமாகும். தன் வேலையைத் தானே செய்ய முடியாமல் போவதுதான் இதன் அடையாளம்.

டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இதில் பல வகை உண்டு. அதிகம் காணப்படுவது ஆல்சைமர் நோய். 1906ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆலாய்ஸ் ஆல்சைமர் என்ற டாக்டர் முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது இன்னொரு வகை. பிரஷரையும் சர்க்கரையையும் பல வருடம் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

1997ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பகுதிக் கிராமங்களில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 3 அல்லது 4 பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டார்கள். 2023ஆம் ஆண்டு வெளிவந்த, நாடு முழுவதுக்குமான ஆய்வு 100க்கு 7 பேருக்கு மேல் என்றும், மொத்தம் சுமார் 88 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. இரண்டு ஆய்வும் அளந்த விதம் வேறு. அதனால் நோய் இரண்டு மடங்காகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டாவது ஆய்வு சொன்ன ஒரு விஷயத்தை நாம் மறக்கக் கூடாது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்தில் இருப்பவர்களுக்கும் இந்த நோய் அதிகம். அதாவது, இதை 'பட்டணத்துப் பணக்கார வியாதி' என்று ஒதுக்க முடியாது. நம் வீட்டு அம்மாச்சிக்கும் வரும்.

மறதி நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை. சிலருக்கு மாத்திரைகள் கொஞ்ச காலம் உதவுகின்றன. ஆனாலும் டாக்டரிடம் ஒரு தடவை கட்டாயம் காட்ட வேண்டும். ஏனென்றால் தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் தலைக்குள் ரத்தம் கட்டுவது ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பார்க்காமலேயே "வயசாகிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவது சரியில்லை.

திடீர்க் குழப்பம் வேறு

இப்போது இரண்டாவது வகைக்கு வருவோம். டெலிரியம் என்று மருத்துவத்தில் சொல்வார்கள். நேற்றுவரை ஒரு மாதிரி இருந்தவர் இன்றைக்கு வேறு மாதிரி ஆகிவிடுவார். காலையில் தெளிவாகப் பேசுவார், பொழுது சாய்ந்தால் உளறுவார். சுவரில் எறும்பு ஊர்கிறது, யாரோ நிற்கிறார்கள் என்பார். போர்வையைப் பிய்ப்பார். சொன்னதைக் கவனிக்க முடியாது. ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சுக்குத் தாவிவிடுவார்.

இன்னொரு விதமும் உண்டு. அதுதான் ஆபத்து. சத்தமே போடமாட்டார். நாள் முழுக்கச் சுருண்டு படுத்திருப்பார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொள்வார். சாப்பாடு வேண்டாம் என்பார். வீட்டில் எல்லாரும் "இன்னைக்கு பாட்டி தொந்தரவு பண்ணாம தூங்குது" என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்தத் தூக்கம் சாதாரணத் தூக்கமாக இல்லாமல் இருக்கலாம்.

இந்தத் திடீர்க் குழப்பம் மூளையில் தானாக வருவதில்லை. உடம்பில் வேறெங்கோ ஒரு கோளாறு நடக்கிறது என்பதன் அறிவிப்பு இது. அடிக்கடி வரும் காரணங்கள் இவை:

1. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி போன்ற கிருமித் தொற்று. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம்.
2. உடம்பில் நீர் வற்றிப்போவது. நம் கரிசல்காட்டு வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் இது சர்வசாதாரணம்.
3. சர்க்கரை மிகவும் இறங்குவது அல்லது ஏறுவது. ரத்தத்தில் உப்புச் சத்து குறைவது.
4. பல நாள் மலச்சிக்கல். சிறுநீர் வெளியேறாமல் அடைபடுவது.
5. புதிதாகச் சேர்த்த மாத்திரை. முக்கியமாகத் தூக்க மாத்திரை, சளி, அரிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள்.
6. சொல்லத் தெரியாத வலி. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம்.
7. ஆபரேஷன், மருத்துவமனையில் தங்குதல், புது இடம்.
8. தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று குடியை நிறுத்துவது.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் சரியாகும். சிலருக்குச் சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

இங்கேதான் ஒரு சிக்கல். மறதி நோய் இருப்பவர்களுக்குத்தான் திடீர்க் குழப்பமும் சுலபமாக வரும். ஏற்கெனவே தடுமாறுகிறவர் கூடுதலாகத் தடுமாறும்போது வீட்டில் உள்ளவர்கள் "நோய் முத்திருச்சு" என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

நம் உறுப்பினர் ஒருவர் கவனித்தது

மதுரையில் ஒரு வீட்டில் 78 வயது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது இது. அந்த அம்மாவுக்கு மூன்று வருடமாக மறதி நோய். பகல் பொழுதில் பேசிக்கொண்டே இருப்பார். மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் விட்டுப்போகவில்லை. ஒரு நாள் காலையிலிருந்து பேச்சு இல்லை. மதியம் ஊட்டிய சோறு வாயிலேயே நின்றது. இரவில் புடவையைப் பிய்த்தார். மருமகளைப் பார்த்து "நீ எந்த ஊரு?" என்று கேட்டார். வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். "கடைசிக் கட்டம் வந்திருச்சு போல, இனி ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம்" என்று பேசிக்கொண்டார்கள்.

நம் சகோதரி எட்டாம் வகுப்புவரை படித்தவர். தினமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் நாலு வரி எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தார். முந்தின இரண்டு நாளும் தண்ணீர் மூன்று டம்ளர்தான் இறங்கியிருக்கிறது. அன்று காலையிலிருந்து சிறுநீர் ஒரே தடவை, கொஞ்சமாக, கலங்கலாக. நோட்டை மருமகளிடம் காட்டிச் சொன்னார்: "அக்கா, மறதி எப்பவும் உள்ளதுதான். ஆனா நேத்து ராத்திரி வரைக்கும் இப்படி இல்லை. இன்னைக்குக் காலையில இருந்துதான் ஆள் வேற மாதிரி இருக்காக. டாக்டர்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க."

அந்த ராத்திரியே கூட்டிப் போனார்கள். சிறுநீர்த் தொற்றும் நீர் வற்றலும் என்று சிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். மறதி நோய் அப்படியேதான் இருக்கிறது, அது போகவில்லை. ஆனால் மருமகளைப் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

'நோய் முத்திருச்சு' என்று சொல்லி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சகோதரி செய்தது மருத்துவம் இல்லை. 'எப்போதிருந்து இப்படி?' என்ற கேள்விக்குப் பதில் வைத்திருந்தார், அவ்வளவுதான். வெளிநாட்டு மருத்துவமனைகளில்கூட, கூட வந்தவரிடம் "இவர் வழக்கத்தைவிட இப்போது கூடுதலாகக் குழம்பியிருக்கிறாரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு இதைச் சந்தேகிக்கும் முறை இருக்கிறது.

ஒரு நோட்டு போதும்

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் அந்தப் பெரியவரின் வழக்கமான நிலையை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுவார், தானாக நடப்பாரா, யாரை அடையாளம் தெரியும், எவ்வளவு சாப்பிடுவார், என்னென்ன மாத்திரை, கண்ணாடியும் காது மெஷினும் உண்டா என்று. 'வழக்கம்' தெரிந்தால்தான் 'வழக்கத்துக்கு மாறு' தெரியும்.

பிறகு தினமும் எழுத வேண்டியவை: தூக்கம், சாப்பாடு, தண்ணீர் எத்தனை டம்ளர், சிறுநீர் எத்தனை தடவை, மலம் போனாரா, மாத்திரை கொடுத்த நேரம், நடையில் மாற்றம், பேச்சில் மாற்றம், விழுந்தாரா. நாலு வரி போதும். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று மாறும் இடங்களில் இந்த நோட்டைக் கைமாற்றாமல் கிளம்பக் கூடாது. எழுதத் தெரியாதவர்கள் கோடு போட்டுக் குறிக்கலாம். ஒரு டம்ளருக்கு ஒரு கோடு. குழுவின் வரவு செலவு நோட்டைப் பத்து வருடம் எழுதிய நமக்கு இது பெரிய காரியமா?

உடனே 108ஐ அழைக்க வேண்டியவை

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை கால் விழுந்துபோவது, பேச்சு குழறுவது. இது பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.

எழுப்பினாலும் எழாதது, மூச்சுத் திணறல், வலிப்பு, தலையில் அடிபட்டு அதன் பிறகு மயக்கமோ வாந்தியோ வருவது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வியர்த்து, நடுங்கி, உளறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். புரையேறி உயிர் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

மறதி நோய் உள்ளவரோடு தினமும்

திடீர்க் குழப்பத்துக்கு டாக்டர் என்று பார்த்தோம். மெள்ள வரும் மறதி நோய்க்கு நாம்தான் மருந்து. சில வழிகள்:

பேச்சு. பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் வந்து, கண் பார்த்து, உறவு சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். "எந்திரிச்சு பல்லு விளக்கி குளிச்சிட்டு வாங்க" என்றால் நாலு வேலை. "எந்திரிங்க பாட்டி" என்று நிறுத்துங்கள். "நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியாது என்பது அவருக்கே வெட்கமாக இருக்கும். "நான்தான், உங்களைப் பார்த்துக்கிற பொண்ணு" என்று நாமே சொல்லிவிடலாம்.

"வீட்டுக்குப் போகணும்." சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு இப்படிக் கேட்பார்கள். "இதுதானே உங்க வீடு" என்று வாதாடினால் கோபம்தான் மிஞ்சும். அவர் கேட்பது சின்ன வயதில் இருந்த வீடாக இருக்கலாம். "உங்க ஊர்ல கிணறு இருந்துச்சா பாட்டி?" என்று பேச்சைத் திருப்பினால் சொல்ல ஆரம்பிப்பார்.

பழைய நினைவு. இந்த நோயில் இன்றைக்கு நடந்தது முதலில் போகும். பழையது கடைசிவரை நிற்கும். கை பழகிய வேலை அதைவிட நிற்கும். நம் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமம் 1940ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே ராட்டை சுற்றியவர் ஒருவர் என்றால் பஞ்சைக் கையில் கொடுத்தால் விரல் தானாகத் திரிக்கும். காட்டு வேலை செய்தவருக்கு உளுந்து புடைக்கக் கொடுங்கள், துணி மடிக்கக் கொடுங்கள். சரியாக மடிக்கிறாரா என்பது முக்கியமில்லை. ஏழூர் சப்பரத் திருவிழாவைப் பற்றிக் கேளுங்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் வந்து தங்கினார்கள் என்றுகூடச் சொல்வார்கள்.

பொழுது சாயும் நேரம். பலருக்கு அந்த நேரத்தில்தான் பதற்றம் கூடும். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். பகலில் கொஞ்சம் நடக்க வைத்தால் இரவில் தூக்கம் வரும்.

குளியல். தண்ணீர் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். துணியை முழுதும் களையாமல், ஒரு துண்டால் மூடிக்கொண்டே குளிப்பாட்டுங்கள். மானம் மறதி நோய்க்கு மறப்பதில்லை. மாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் அரை மணி கழித்துக் கேளுங்கள். அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டாலும் போதும்.

சாப்பாடு. நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். சின்னக் கவளம், விழுங்கிய பிறகே அடுத்தது. தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது, புரையேறுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்பதைவிட "இந்தா, இதைச் சாப்பிடுங்க" என்று ஒரு வாழைப்பழத் துண்டு கொடுப்பது மேல்; சர்க்கரை உள்ளவராக இருந்தால் எது கொடுக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை. இரண்டு மணிக்கு ஒரு தடவை நாமே கூட்டிப் போனால் பாதி துணி நனையாது. துணி நனைகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். திடீர்க் குழப்பத்துக்கு அதுவே கதவைத் திறந்துவிடும். தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். இரவில் கழிப்பறை வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

படுக்கையில் இருப்பவர். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பின் பின்பக்கம், இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் தேய்க்கக் கூடாது. அந்த இடம் படாமல் படுக்க வைத்து, அன்றே சொல்லுங்கள்.

வெளியே போய்விடுவது. சட்டைப் பையில் அல்லது முந்தானையில் வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். அண்மையில் எடுத்த போட்டோ கையில் இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால் தேடிக்கொண்டே நேரம் கடத்தாமல் 112க்குச் சொல்லுங்கள்.

செய்யவே கூடாதவை: கையைக் கட்டுவது, தனியாக வைத்துப் பூட்டிவிட்டுப் போவது, அதட்டுவது, அடிப்பது, டாக்டர் எழுதாத தூக்க மாத்திரையைக் கொடுப்பது. ஊசி போடுவது, மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் மாற்றுவது நம் வேலை இல்லை. அதற்குப் படித்த நர்ஸ் வேண்டும். "நீயே போட்டுவிடு" என்று வீட்டில் சொன்னாலும் "எனக்கு அந்தப் பயிற்சி இல்லைங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

"இவ எடுத்துட்டா" என்று சொன்னால்

நம் சகோதரிகளை அதிகம் நோகடிப்பது இதுதான். வைத்த இடம் மறந்துபோகிறது. மறந்தது என்பதும் தெரியவில்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை முடிவு செய்கிறது. பக்கத்தில் இருப்பவர் நீங்கள். பழி உங்கள் மேல் விழுகிறது. இது நோய் பேசுகிற பேச்சு. "நான் எடுக்கலை" என்று சத்தியம் செய்வதைவிட "வாங்க, ரெண்டு பேரும் தேடுவோம்" என்று சொல்லுங்கள். தலையணைக்கு அடியில், அரிசிப் பானையில், புடவை மடிப்பில் கிடைக்கும்.

ஆனால் பொறுமை மட்டும் போதாது, பாதுகாப்பும் வேண்டும். சேரும்போதே வீட்டாரிடம் "இந்த நோய் உள்ளவங்க இப்படிச் சொல்றது உண்டு" என்று பேசிவிடுங்கள். நகையையும் பணத்தையும் வீட்டாரே பூட்டி வைக்கட்டும். கடைக்குப் போய் வந்தால் கணக்கை நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். பெரியவர் ஒன்றைத் தேடினால் அன்றே வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பு, உங்கள் உரிமை

இருபத்து நாலு மணி நேரமும் ஓர் ஆள் விழித்திருக்க முடியாது. தூக்கம், வார விடுமுறை, சம்பளம், சாப்பாடு, என்னென்ன வேலை – இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சேருங்கள். ஏஜென்சி மூலம் போகிறவர்கள், சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்பே கேளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கான நல வாரியம் 2007ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியமும் அறிவிக்கப்பட்டது. வாரியத்தில் பதிவு செய்வது பற்றித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நோயாளியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். கனமானவர் என்றால் இன்னோர் ஆளைக் கூப்பிடுங்கள்.

வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயமும் உண்டு. மறதி நோயில் சில ஆண்கள் தகாத முறையில் தொடுவதும் பேசுவதும் உண்டு. நோயாக இருந்தாலும் நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. அறையை விட்டு வெளியே வாருங்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். குளிப்பாட்ட ஓர் ஆண் உதவியாளரைக் கேளுங்கள். வீட்டில் வேறு யாராவது தொந்தரவு செய்தால் அது நோய் அல்ல, குற்றம். பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். 181க்குப் போன் செய்யுங்கள், குழுவுக்கும் சொல்லுங்கள்.

எங்கே உதவி கிடைக்கும்?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றன. மறதி நோயைச் சோதித்துச் சொல்ல அங்கே போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். அந்தப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். படுத்த படுக்கையாக இருப்பவர் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களிடம் தெரிவியுங்கள். சென்னையில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும், 1992ஆம் ஆண்டு கேரளத்தில் தொடங்கிய ஆல்சைமர் சங்கமும் இந்த நோய் உள்ளவர்களுக்காகவும் குடும்பத்தாருக்காகவும் வேலை செய்கின்றன.

போன் எண்கள்: ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. முதியோர் உதவி 14567. மனநல ஆலோசனை 14416. பராமரித்துச் சோர்ந்துபோனவர்களும் இதில் பேசலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில்

இந்தப் பக்கங்களை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு இந்த மூன்றையும் பேசுங்கள்.

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் மறதி நோய் உள்ள பெரியவர் இருக்கிறார்? அந்த வீட்டுப் பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் நம்மில் யார் மாற்று ஆளாக இருக்க முடியும்?
2. பராமரிப்பு வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் என்ன சம்பளத்துக்கு, என்ன நிபந்தனைக்குப் போகிறார்கள்? எழுத்தில் இருக்கிறதா?
3. ஆளுக்கொரு நோட்டு வாங்கியாகிவிட்டதா?

பெரியவரின் நிலை மாறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான். இதைப் பெரிய எழுத்தில் நோட்டின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்:

"மறதி எப்பவும் உள்ளது. ஆனா இன்ன நாள், இன்ன நேரத்துல இருந்து ஆள் வேற மாதிரி இருக்காக."